பட்டறை இயந்திரங்களின் பாதுகாப்பு சுவிச்சுகள் ஏன் காலத்துக்கு முன்பே பழுதாகின்றன?

வாழ்வாதாரப் பகுதி – பாடம் 6

சொந்த ஊருக்குத் திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டோடு சேர்ந்த ஒரு சிறு கொட்டிலும் அதற்குள் நிற்கும் ஓர் இயந்திரமுமே முதல் வருமானம். தச்சுப் பட்டறையின் வட்டவாள், மிளகாயும் மாவும் அரைக்கும் மில், வெல்டிங் பட்டறையின் கிரைண்டர் என்று அது எதுவாகவும் இருக்கலாம். உதவித் திட்டத்தில் கிடைத்த புதிய இயந்திரமாகவோ, பழையது வாங்கித் திருத்தியதாகவோ, இடம்பெயர்ந்தபோது விட்டுப்போய் மீண்டும் கண்டெடுத்ததாகவோ இருக்கலாம்.

இப்படியான பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "மோட்டர் நல்லாத்தான் இருக்கு, சுவிச்தான் அடிக்கடி போகுது." ஆறு மாதத்துக்கு ஒரு சுவிச் மாற்றுவார்கள். மூன்றாவது தடவை "இனிக் காசு செலவழிக்க ஏலாது" என்று வயரை நேரே முறுக்கி இணைத்துவிடுவார்கள். பெரிய விபத்துகளுக்கு வழி திறப்பது அந்த மூன்றாவது தடவைதான்.

இந்தப் பாடம் சொல்ல வருவது இதுதான்: பாதுகாப்பு சுவிச் காலத்துக்கு முன் பழுதானால், பெரும்பாலும் காரணம் சுவிச்சுக்கு வெளியே இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கண்டு திருத்தாமல் சுவிச்சை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

பாதுகாப்பு சுவிச் என்றால் எது?

பாடசாலையில் "ஆளி" என்று படித்ததைத்தான் நாம் சுவிச் என்கிறோம். சாதாரண சுவிச் மின்சாரத்தைக் கொடுக்கும், நிறுத்தும். பாதுகாப்பு சுவிச் அதற்கு மேலாக ஆளையும் இயந்திரத்தையும் காக்கும். உங்கள் பட்டறையில் இவற்றில் சில இருக்கலாம்.

1. மீளியங்காச் சுவிச். வட்டவாள், சீவும் இயந்திரம் போன்றவற்றில் பச்சை, சிவப்புப் பொத்தான்களோடு இருக்கும் பெட்டி. உள்ளே ஒரு கொயில் உண்டு. மின்சாரம் தடைப்பட்டால் கொயில் பிடியை விட்டுவிடும். மின்சாரம் திரும்பி வந்தாலும், நீங்கள் பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தும் வரை இயந்திரம் ஓடாது. பெரிய மோட்டர்களில் இந்த வேலையை ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் கொன்டாக்டர் செய்கிறது.

2. அவசர நிறுத்தம். மஞ்சள் பின்னணியில் காளான் தலை போன்ற பெரிய சிவப்புப் பொத்தான். அடித்தால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். திருப்பியோ இழுத்தோ விடுவிக்க வேண்டும்.

3. மூடிச் சுவிச். காப்புமூடி திறந்திருந்தால் இயந்திரம் ஓடாதபடி தடுப்பது.

4. ஓவர்லோட். மோட்டர் தாங்கக்கூடியதைவிட அதிக மின்னோட்டம் எடுத்தால் சூடாகித் துண்டிப்பது.

5. ட்ரிப் சுவிச். வீட்டு மின்பலகையில் இருப்பது. மின்சாரம் உடலினூடாகவோ நிலத்துக்கோ கசிந்தால் துண்டிப்பது. வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிவுக்குத் துண்டிக்கும் வகை பொருத்தப்படுகிறது. இது மின்தாக்கத்திலிருந்து காக்கும். வாளிடமிருந்து விரலைக் காக்காது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று நினைக்க வேண்டாம்.

இரண்டு விதமான பழுது

சுவிச் பழுதாவது இரண்டு விதம். இந்த வேறுபாட்டைக் குடும்பத்தில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, தொடங்க மறுக்கும் பழுது. பொத்தானை அழுத்தினாலும் இயந்திரம் ஓடாது. வேலை கெடும், கோபம் வரும், ஆனால் ஆபத்தில்லை.

இரண்டாவது, நிற்க மறுக்கும் பழுது. சிவப்புப் பொத்தானை அழுத்தியும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் உலோகத் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் இது நடக்கும். பட்டறைக்காரர்கள் "பொயின்ட் ஒட்டிப்போச்சு" என்பது இதைத்தான். இந்தப் பழுது முன்கூட்டித் தெரியாது. இயந்திரம் வழமைபோல் ஓடும். நிறுத்த வேண்டிய அந்தக் கணத்தில்தான் தெரியவரும்.

கீழே வரும் காரணங்களில் பல முதலில் தொடங்க மறுக்கும் பழுதாகத் தலைகாட்டி, கவனிக்காமல் விட்டால் நிற்க மறுக்கும் பழுதாக முடிகின்றன. ஆகவே சிறு தொல்லையை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் 1: தூசு

மரத்தூள், மா, மிளகாய்த்தூள், இரும்புத்தூள் ஆகியவை எந்தச் சிறு இடைவெளியாலும் உள்ளே போகும். மரத்தூள் தொடுமுனைகளுக்கு நடுவே படிந்தால் அவை முழுமையாகத் தொடாது. தொடும் இடம் சுருங்கினால் அந்த இடம் சூடாகும். சூட்டில் தொடுமுனை கருகும், சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகும். மா, மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து பசையாகிப் பொத்தானை இறுக்கிவிடும். கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் இவற்றைவிட மோசமானது. அது மின்சாரத்தைக் கடத்தும். பிரிந்திருக்க வேண்டிய இரண்டு முனைகளுக்கு நடுவே பாலம் போட்டுவிடும்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெளியிலிருந்து வரும் புழுதியும் இதோடு சேர்கிறது.

செய்ய வேண்டியவை: சுவிச் பெட்டியைத் தூள் கொட்டும் வழியில், வாள் மேசைக்கு நேர்கீழே பொருத்தாதீர்கள். நிற்கும் இடத்திலிருந்து கை எட்டும் பக்கத்தில், தூள் பறக்காத திசையில் பொருத்துங்கள். வயர் நுழையும் துளையை இறுக்கும் வளையத்தால் அடையுங்கள். பயன்படாத துளைகளுக்கு மூடி போடுங்கள். வேலை முடிந்ததும் தூரிகையால் துடையுங்கள். காற்றுக் குழாயால் ஊதுவது சுத்தம்போலத் தோன்றும். உண்மையில் தூளை இன்னும் உள்ளே தள்ளும்.

காரணம் 2: ஈரம், உப்பு, பூச்சி

முல்லைத்தீவு, மன்னார் போன்ற கரையோரப் பகுதிகளில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடிப்பதும் சுருள்வில் துருப்பிடிப்பதும் அதனால்தான். பொத்தானைத் திருப்பித் தள்ளும் சுருள்வில் துருவால் வலுவிழந்தால், அழுத்திய பொத்தான் வெளியே வராது. மாரி மழையில் கூரை ஒழுகும் இடத்துக்கு நேரே சுவிச் இருந்தால் நிலைமை சொல்ல வேண்டியதில்லை.

எறும்பும் பல்லியும் சூடான பெட்டியைத் தேடி வரும். குளவி மண்கூடு கட்டும். தொடுமுனைக்கு நடுவே நசுங்கிய ஓர் எறும்பே சுவிச்சைத் தொடங்க மறுக்கச் செய்யப் போதும்.

செய்ய வேண்டியவை: தூசும் நீர்த்தெறிப்பும் புகாத பெட்டியைத் தெரிவு செய்யுங்கள். பெட்டியில் "ஐ.பி." என்ற எழுத்துகளோடு இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது நீருக்கு. பட்டறைக்கு 54 அல்லது அதற்கு மேல் நல்லது. வயரைப் பெட்டியின் கீழ்ப்பக்கத்தால் நுழையுங்கள். மேலிருந்து வரும் வயரை ஒரு முறை கீழே தொங்கவிட்டு வளைத்து ஏற்றினால், வயர் வழியே வழியும் நீர் பெட்டிக்குள் போகாது.

காரணம் 3: மோட்டருக்குப் பொருந்தாத சுவிச்

மிகுதியாகக் காணப்படும் தவறு இது. மின்குமிழுக்கும் மோட்டருக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்ப்போம். நின்றுகொண்டிருக்கும் மோட்டர் சுழலத் தொடங்கும் கணத்தில், வழமையாக எடுப்பதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஒன்றரைக் குதிரைவலு ஒருமுனை மோட்டர் ஓடும்போது ஏறத்தாழ 7 முதல் 8 அம்பியர் எடுக்கும் என்றால், தொடங்கும் கணத்தில் 40 அம்பியருக்கு மேல் போகும். தண்ணீர் நிறைந்த வண்டிலை முதல் அடி நகர்த்தும்போது மாடு இழுப்பதைப் போன்றது இது.

மின்குமிழுக்கான 5 அம்பியர் சுவிச்சை மோட்டருக்குப் போட்டால், ஒவ்வொரு தொடக்கத்திலும் தொடுமுனை சிறிது உருகும். சில நூறு தடவைகளில் ஒட்டிக்கொள்ளும். சுவரிலுள்ள பிளக் சுவிச்சால் மோட்டரை நாள் முழுதும் போட்டு நிறுத்துவதும் இதே வகைதான்.

கொன்டாக்டர் வாங்கும்போதும் கவனம் தேவை. அதன் பக்கத்தில் "ஏ.சி.-1" என்றும் "ஏ.சி.-3" என்றும் இரண்டு அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது வெப்பமூட்டி போன்ற இலகுவான சுமைக்கு. இரண்டாவதுதான் மோட்டருக்கு. ஒரே கொன்டாக்டரில் முதலாவது 25 அம்பியர் என்றும் இரண்டாவது 9 அம்பியர் என்றும் இருக்கலாம். கடையில் பெரிய எண்ணைக் காட்டி "25 அம்பியர்" என்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஏ.சி.-3 அளவை.

காரணம் 4: நீண்ட மெல்லிய வயரும் குறைந்த மின்னழுத்தமும்

மீள்குடியேறிய காணிகளில் மின்மானி வீட்டில் இருக்கும், பட்டறை காணியின் பின்பக்கம் இருக்கும். இரண்டையும் கையில் கிடைத்த வயரால் இணைத்துவிடுவது வழக்கம். அதன் விளைவைக் கணக்கில் பாருங்கள்.

மின்குமிழுக்குப் போடும் 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் 30 மீற்றர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே 60 மீற்றர். இதன் தடை ஏறத்தாழ ஒன்றரை ஓம். மோட்டர் தொடங்கும்போது 40 அம்பியர் ஓடினால், வயரிலேயே ஏறத்தாழ 60 வோல்ட் தொலைந்துபோகும். வீட்டில் 230 வோல்ட் இருந்தாலும் பட்டறைக்கு 170 வோல்ட்தான் வந்து சேரும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டிருந்தால் இழப்பு 20 வோல்டுக்குள் அடங்கும்.

கொன்டாக்டரின் கொயில் நம்பகமாகப் பிடித்துக்கொள்ள, அதற்குரிய மின்னழுத்தத்தில் குறைந்தது 85 வீதம் வேண்டும். 230 வோல்ட் கொயிலுக்கு அது ஏறத்தாழ 196 வோல்ட். 170 வோல்டில் என்ன நடக்கும்? கொயில் பிடிக்கும், மோட்டர் இழுக்கும், மின்னழுத்தம் விழும், கொயில் விட்டுவிடும், மின்னழுத்தம் ஏறும், மறுபடி பிடிக்கும். பெட்டிக்குள் "படபட" என்று சத்தம் கேட்கும். அந்தச் சில விநாடிகளில், மோட்டர் மிக அதிக மின்னோட்டம் எடுக்கும் நேரத்தில், தொடுமுனைகள் பல தடவை அடித்துப் பிரிகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறு வெல்டிங் பொறி. மாதக்கணக்கில் வரவேண்டிய தேய்மானம் ஒரே நாளில் வந்துவிடும்.

சிறிய ஜெனரேட்டரில் ஓடும்போதும், அதே இணைப்பில் பக்கத்தில் வெல்டிங் நடக்கும்போதும் இதே படபடப்பு வரலாம். சத்தம் கேட்டால் உடனே சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். "ஓடிப் பிடிக்கும்" என்று காத்திருக்க வேண்டாம். மின்னழுத்தம் இணைப்புக் கம்பத்திலிருந்தே குறைவாக வருகிறது என்றால் மின்சார சபைக்கு முறைப்பாடு செய்யுங்கள். அவர்கள் வழங்க வேண்டிய 230 வோல்டில் கூடக் குறைய 6 வீதமே அனுமதி.

காரணம் 5: தளர்ந்த திருகு

இயந்திரம் அதிர்கிறது. அதிர்வில் சுவிச்சுக்குள் வயரைப் பிடித்திருக்கும் திருகு மெல்லத் தளர்கிறது. தளர்ந்த இடம் சூடாகிறது. சூடாகிக் குளிரும்போது மேலும் தளர்கிறது. கடைசியில் பெட்டி பழுப்பு நிறமாகி, கருகிய மணம் வரும். "சுவிச் எரிஞ்சுபோச்சு" என்று சொல்லப்படுவதில் பல, உண்மையில் ஒரு திருகை இறுக்காததால் வந்தவை.

வயரின் மெல்லிய இழைகளில் பாதியைத் திருகுக்குள் விட்டு மீதியை வெளியே விட்டிருப்பதும் இதே விளைவைத் தரும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது, முதன்மை இணைப்பை நிறுத்திவிட்டு, தெரிந்த மின்னிணைப்பாளரைக் கொண்டு எல்லாத் திருகுகளையும் இறுக்குங்கள். புதிய இயந்திரத்துக்கு முதல் மாத முடிவிலேயே ஒரு தடவை செய்வது நல்லது.

காரணம் 6: மழுங்கிய வாள், மாற்றிய ஓவர்லோட்

மழுங்கிய வாளால் பச்சை மரத்தை அறுத்தால் மோட்டர் திணறும். திணறும் மோட்டர் அதிக மின்னோட்டம் எடுக்கும். ஓவர்லோட் தன் கடமைப்படி துண்டிக்கும். அப்போது பலர் செய்வது, ஓவர்லோட்டின் சிறு திருகைக் கூடிய அளவுக்குத் திருப்பிவிடுவது. அதன்பின் துண்டிப்பது நிற்கும். கொஞ்ச நாளில் கொன்டாக்டரோ மோட்டரோ எரியும்.

ஓவர்லோட்டின் அளவு, மோட்டரின் பெயர்த்தகட்டில் உள்ள அம்பியர் அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். துண்டித்த பின் தானாக மீளும் நிலையிலும் அதை வைக்காதீர்கள். கையால் அழுத்தி மீட்கும் நிலையில் வையுங்கள். ஓவர்லோட் அடிக்கடி துண்டித்தால் முதலில் வாளைத் தீட்டுங்கள், பட்டியின் இறுக்கத்தைப் பாருங்கள், பெயரிங்கைப் பாருங்கள். மும்முனை மோட்டரில் ஒரு முனை வராமல் இருக்கிறதா என்றும் பார்ப்பியுங்கள்.

காரணம் 7: அவசரப் பொத்தானை அன்றாடம் பயன்படுத்துவது

காளான் தலைப் பொத்தான் பெரிதாக, கைக்கு எளிதாக இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு தடவையும் அதைத் தட்டியே இயந்திரத்தை நிறுத்தும் பழக்கம் வந்துவிடுகிறது. முழங்காலால் இடிப்பவர்களும் உண்டு, பலகை முனையால் தட்டுபவர்களும் உண்டு. அன்றாட நிறுத்தத்துக்குச் சாதாரண சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அவசரப் பொத்தானின் பூட்டு தேய்ந்துபோனால், வேண்டிய நாளில் அது கைகொடுக்காது.

இதற்கு எதிர்மாறான தவறும் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஒரு தடவையும் அழுத்தாத பொத்தான் தூளும் துருவும் ஏறி இறுகிவிடும். அன்றாடம் அடிக்காதீர்கள், ஆனால் கிழமைக்கு ஒரு தடவை அழுத்திச் சோதியுங்கள்.

நீண்ட காலம் கிடந்த இயந்திரம்

இடம்பெயர்ந்த காலத்தில் கூரையில்லாத கட்டடத்தில் கிடந்த இயந்திரத்தைத் திருத்தி ஓட்ட நினைக்கிறீர்களா? முதலில் இயந்திரத்தை அல்ல, இடத்தைப் பாருங்கள். அந்தக் காணி வெடிபொருள் அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று உறுதி செய்யுங்கள். இயந்திரத்தின் அடியிலோ உள்ளேயோ அறியாத பொருள் எதையும் கண்டால், வெடிபொருள் அபாயப் பாடத்தில் கேட்டதை நினைவில் கொள்ளுங்கள். தொடாதீர்கள், கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள்.

இயந்திரத்தைப் பாதுகாப்பாக வெளியே எடுத்த பின்னர், பழைய சுவிச்சை நம்பி மின்சாரம் கொடுக்காதீர்கள். எலி கடித்த வயர், இறுகிய கிரீஸ், துருப்பிடித்த சுருள்வில், களிம்பேறிய தொடுமுனை ஆகியவை வெளியே தெரியாது. இரும்புச் சட்டமும் மோட்டரும் மீளலாம். சுவிச், வயர், பிளக் ஆகிய மூன்றையும் புதிதாகப் போடுவதே மலிவு.

நேரே இணைத்தால் என்ன?

சுவிச் தொல்லை தரும்போது பொத்தானை நூலால் கட்டுவது, தீக்குச்சி செருகுவது, வயரை நேரே முறுக்குவது ஆகிய மூன்றையும் பல இடங்களில் காணலாம். இயந்திரம் ஓடத்தான் செய்யும். ஆனால் இதை எண்ணிப் பாருங்கள்.

அறுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகிறது. வாள் மெல்ல நிற்கிறது. எப்போது வரும் என்று தெரியாது. நீங்கள் தேநீர் குடிக்க வீட்டுக்குப் போகிறீர்கள். இடையில் மகன் வந்து மேசையில் சிக்கிய மரத்துண்டைக் கையால் எடுக்கிறான். அந்த நேரம் மின்சாரம் வருகிறது. மீளியங்காச் சுவிச் சரியாக இருந்தால் வாள் அசையாது. நேரே இணைத்திருந்தால் அவனுக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. அந்தச் சுவிச் பெட்டி இருப்பதே அந்த ஒரு கணத்துக்காகத்தான்.

நம் நாட்டின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் கொட்டில் சிறியதானாலும் வாளின் பல் அதே பல்தான்.

கிழமைக்கு ஒரு தடவை: ஐந்து நிமிடச் சோதனை

மரமோ தானியமோ போடாமல், பிள்ளைகளை வெளியே நிறுத்தி, வாளிலிருந்து விலகி நின்று செய்யுங்கள்.

1. பச்சைப் பொத்தானை அழுத்துங்கள். ஓடத் தொடங்கியதும் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். முதல் அழுத்திலேயே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். வாள் சிறிது நேரம் தானாகச் சுற்றித்தான் நிற்கும். தடியால் பிடித்து நிறுத்தாதீர்கள்.

2. மறுபடி ஓடவிட்டு, முதன்மை இணைப்பை நிறுத்துங்கள். வாள் முழுதாக நின்ற பின் இணைப்பைக் கொடுங்கள். இயந்திரம் தானாக ஓடக்கூடாது.

3. ஓடவிட்டு அவசரப் பொத்தானை அழுத்துங்கள். நின்ற பின் விடுவியுங்கள். விடுவித்த உடனே ஓடக்கூடாது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஓட வேண்டும்.

4. மூடிச் சுவிச் இருந்தால், இயந்திரம் நிற்கும்போது மூடியைத் திறந்துவிட்டு, எட்ட நின்று பச்சைப் பொத்தானை அழுத்துங்கள். ஓடக்கூடாது.

5. மாதம் ஒரு தடவை மின்பலகையிலுள்ள ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும்.

இவற்றில் ஒன்று தவறினாலும் பிளக்கைக் கழற்றி, "பழுது, போடாதீர்கள்" என்று எழுதிக் கட்டிவிடுங்கள். திருத்தும் வரை வேலை இல்லை.

புதிய சுவிச் வாங்கும்போது

ஹாட்வெயார் கடைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். பழைய சுவிச்சையும், மோட்டரின் பெயர்த்தகட்டில் உள்ள விபரங்களைக் குறித்த தாளையும் கொண்டு போங்கள். நான்கு விடயங்களைக் கேளுங்கள்.

1. மோட்டரின் அம்பியருக்கு ஏ.சி.-3 அளவு போதுமா?

2. கொயில் எத்தனை வோல்ட்? ஒருமுனை இணைப்பில் 230. மும்முனையில் இணைப்பு முறையைப் பொறுத்து 230 அல்லது 400. 230 கொயிலுக்கு 400 கொடுத்தால் எரியும். 400 கொயிலுக்கு 230 கொடுத்தால் பிடிக்காது.

3. மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடாத வகைதானா?

4. பெட்டி தூசுக்கு அடைபட்டதா?

கேள்வியும் பதிலும்

கேள்வி: கருகிய தொடுமுனையை சாண்ட்பேப்பரால் தேய்த்துப் போடலாமா?

பதில்: வேண்டாம். கொன்டாக்டரின் தொடுமுனைகளில் வெள்ளி கலந்த உலோகம் இருக்கிறது. தேய்த்தால் அது போய்விடும், முகமும் சமமாக இராது. பிறகு விரைவில் ஒட்டிக்கொள்ளும். மாற்றுவதே வழி. எண்ணெய் விடுவதும் கூடாது. எண்ணெய் தூளைப் பிடித்து வைத்திருக்கும்.

கேள்வி: ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறது. அதைக் கழற்றிவிட்டு வேலை செய்யலாமா?

பதில்: கூடாது. அது விழுகிறது என்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது. மோட்டரில் ஈரம், தோல் உரிந்த வயர், உப்புப் படிந்த முனை என்று ஏதோ ஒன்று இருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எது என்று தெரியும். இயந்திரத்தின் எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தடவை போட்டு நிறுத்தலாம்?

பதில்: இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஆனால் ஒவ்வொரு தொடக்கமும் தொடுமுனையைத் தேய்க்கிறது. ஒரு பலகைக்கு ஒரு தொடக்கம் என்று செய்யாமல், அறுக்க வேண்டியவற்றை அளந்து அடுக்கிவிட்டு ஒரே ஓட்டத்தில் முடியுங்கள். அளக்கவும் சிக்கியதை எடுக்கவும் வேண்டும் என்றால் மட்டும் கட்டாயம் நிறுத்துங்கள். சுவிச்சை மிச்சம் பிடிக்க ஓடும் வாளுக்குப் பக்கத்தில் கை கொண்டுபோக வேண்டாம்.

விபத்து நடந்தால்

மின்சாரம் தாக்கியவரைக் கையால் தொடாதீர்கள். முதலில் முதன்மை இணைப்பை நிறுத்துங்கள். வெட்டுக் காயத்தைச் சுத்தமான துணியால் இறுக்கி அழுத்தி, காயப்பட்ட கையை உயர்த்திப் பிடியுங்கள். விரல் துண்டுபட்டிருந்தால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். ஐஸ் நேரே விரலில் படக்கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்

• படபட சத்தம், கருகிய மணம், சூடான பெட்டி, இறுகிய பொத்தான்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்து, பிளக்கைக் கழற்று.

• சுவிச் மாற்றும் முன் காரணத்தைத் தேடு: தூசு, ஈரம், வயர், திருகு, வாள், ஓவர்லோட்.

• அவசரப் பொத்தான் அவசரத்துக்கு மட்டும். சோதனை கிழமைக்கு ஒரு தடவை.

• மின்சாரம் போனால் வீட்டுக்குப் போகும் முன் பிளக்கைக் கழற்று.

• நேரே இணைக்காதே. கட்டாதே. குச்சி செருகாதே.

இந்தப் பாடத்தைப் பட்டறையில் வேலை செய்பவர் மட்டும் வாசித்தால் போதாது. சாப்பாடு கொண்டுவருபவருக்கும், பாடசாலை விட்டு வந்து உதவும் பிள்ளைக்கும் வாசித்துக் காட்டுங்கள். முதன்மை இணைப்பு எங்கே இருக்கிறது, சிவப்புப் பொத்தான் எது என்பதை அவர்களே கையால் தொட்டுக் காட்டட்டும்.